மேடையில் போட்ட கையெழுத்து

எங்கள் அதிகாரிக்கு நாடகப் பைத்தியம். கீரனூரிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருந்த ஒரு சர்க்கார் ஆபீஸில் நான் அப்போது குமாஸ்தா. ஊர் பேரைச் சொல்லப்போவதில்லை. அந்த மனிதரின் மானத்துக்காக அல்ல, அந்த ஊர் என்ன பாவம் செய்தது? ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த நம் ஜனங்களை அந்த அரசாங்கம் தன் பிரஜை இல்லை என்று ஒதுக்கியிருந்தது. நம் அரசாங்கமோ, எங்கள் ஆள் என்பதற்குச் சான்று கொண்டுவா என்றது. இந்த அநியாயத்தை நாடகமாகப் போட்டு நாட்டின் கண்ணைத் திறக்கப் போவதாக எங்கள் அதிகாரி கிளம்பினார். கதை, வசனம், கதாநாயகன் எல்லாம் அவரே. கதாநாயகன் யாரென்றால், கருணையே உருவான ஓர் அதிகாரி.

அதே சமயத்தில் நிஜமான ஒருத்தி எங்கள் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசு இருக்கும். இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் இல்லை. பிள்ளைகள் இரண்டையும் லயம் என்கிற கூலி வரிசையில் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் தகப்பன் குளத்தூர்ப் பக்கத்துக்காரன் என்று நாங்கள் ஒரு தாள் கொடுத்தால், அதைக் காட்டித் தனக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே இந்தியப் பாஸ்போர்ட் வாங்கலாம். திரும்பிப் போக அவளுக்குக் கொடுத்திருந்த பர்மிட் மூன்று மாதத்துக்குத்தான். அது முடிந்துவிட்டால் பிள்ளைகள் அங்கே, இவள் இங்கே.

அவளுடைய பெரியப்பா மகன்கள் இரண்டு பேர் வந்து சாட்சி சொன்னார்கள். சான்றிதழை நானே என் கையால் எழுதி முடித்தேன். அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும்தான் பாக்கி. உள்ளே கொண்டுபோய் நீட்டியபோது அவர் கண்ணாடி முன் நின்று வசனம் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடகம் முடிகிற வரைக்கும் எந்தப் பேப்பரையும் இந்தப் பக்கம் கொண்டு வராதே என்று எரிந்து விழுந்தார்.

ஒருநாள் அவளை ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். தாள் கொடுக்க அல்ல. எங்கள் தலைமைக் குமாஸ்தா மீசையை எடுத்துவிட்டுத் தோட்டத்துப் பெண்ணாக நடித்தார். கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் சாக்கு எப்படிக் கட்டுவார்கள் என்று அவருக்குக் கட்டிக் காட்ட வேண்டுமாம். அவளும் கட்டிக் காட்டினாள். கடைசிக் காட்சியில் அந்தப் பெண் அதிகாரியின் காலில் விழுந்து கதற வேண்டும். அதைப் பார்த்ததும் இவளுக்குப் பொறுக்கவில்லை.

"நாங்க யார் கால்லயும் விழ மாட்டோங்க. வரிசையில நின்னு கேப்போம். இல்லைன்னா நாளைக்கும் வந்து கேப்போம்" என்றாள்.

விழாவிட்டால் ஜனங்களுக்கு அழுகை வராது என்று அதிகாரி அவளுக்குக் கலை நுணுக்கம் சொல்லிக்கொடுத்தார். அவள் வராந்தாவுக்குத் திரும்பிப் போனாள்.

நாடகத்தில் எனக்குச் சாமான்கள் பொறுப்பு. பெயிண்டர் செய்துகொடுத்த கட்டை முத்திரை அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. மேடையில் எல்லாம் நிஜமாக இருக்க வேண்டுமாம். ஆபீஸ் மேஜை, ஆபீஸ் மணி, கடைசியில் ஆபீஸ் முத்திரையே மேடைக்கு வந்தது. நிஜத்தின் மேல் அவ்வளவு ஆசையென்றால் நிஜத் தாளையே கொடுத்துவிட்டுப் போகலாமே என்று எனக்குத் தோன்றியது. வெறும் தாள் வைக்க வேண்டிய இடத்தில் அவளுடைய சான்றிதழை வைத்தேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் நாடகம் நடந்தது. பர்மிட் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. தலைமைக் குமாஸ்தா விழுந்து புரண்டார். முன்வரிசையில் அரிசி மில் முதலாளி வீட்டுப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எழுந்திரு தாயே, நீ இந்த மண்ணின் மகள் என்று முழங்கிவிட்டு அதிகாரி பேனாவைத் திறந்தார். படித்துப் பார்த்தாரா? ஆபீஸிலேயே அவர் எதையும் படித்ததில்லை. பழகிய கை தன் சொந்தக் கையெழுத்தை அப்படியே இழுத்தது. முத்திரையை ஓங்கிக் குத்தினார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

மறுநாள் காலையில் தாளை அவளிடம் கொடுத்தேன். அவள் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அதைப் பார்த்துவிட்ட தலைமைக் குமாஸ்தா உள்ளே ஓடிப்போய்ச் சொல்ல, அதிகாரி வராந்தாவுக்கே வந்துவிட்டார். அது நாடகத்துக்காகப் போட்டது, செல்லாது, கொடு என்று கையை நீட்டினார். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நேத்து அத்தனை பேரு கை தட்டுனாங்களேய்யா. அவுகளை மறுபடி கூப்பிட்டு, நான் போட்டது பொய்க் கையெழுத்துன்னு சொல்லுங்க. அப்பக் குடுத்துடறேன்."

நீட்டிய கையால் தலைமயிரைக் கோதிக்கொண்டு அவர் உள்ளே போனார். அடுத்த வாரமே, ஓர் ஏழைப் பெண்ணுக்கு மேடையிலேயே நீதி வழங்கியதாக வாய் கூசாமல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்படிப்பட்ட பிறவி.

இதுவரை சொன்னதில் நான் நல்லவனாகத் தெரிவேன். அன்று அவளைப் பஸ் ஏற்றிவிட நானும் போனேன். பஸ் வருவதற்குள் அவள் தாளைப் பிரித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். கீழே நான் எழுதிய நாளின் தேதி இருந்தது.

"ரெண்டு மாசம் முந்தியே எழுதிட்டீங்களா?"

ஐயா பார்க்கவில்லை என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். தினமும் அவளிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எத்தனை தடவை அவருகிட்ட நீட்டுனீங்க?"

ஒரே ஒரு தடவை. அன்று திட்டு வாங்கிய பிறகு டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். நாளைக்கும் வந்து கேட்கிற தைரியம் அவளுக்கு இருந்தது. நாளைக்கும் கொண்டுபோய் நீட்டுகிற தைரியம் எனக்கு இல்லை. அதைச் சொல்லாமல், பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாளை மறுபடி முடிந்துகொண்டு, நன்றி சொல்லாமல் பஸ் ஏறிப்போனாள்.