வெறும் புகைக்கு வந்த விருந்தாளி

இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் பழைய ஸ்மோக்கர் ஒன்றை வாங்கி, ஒரு வாரமாகக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன். இன்றுதான் துரு முழுதாகப் போனது.

இனி உள்ளே எண்ணெய் பூசி, இறைச்சி வைக்காமல் வெறுமனே கரி எரிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் மறுபடி துருப்பிடிக்குமாம். எந்த எண்ணெய் என்பதில் இன்டர்நெட்டில் ஒரே சண்டை.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன பெரிய வேலை? தோசைக்கல்லுப் பழக்கிற மாதிரித்தானே. பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயிலை தோய்ச்சுத் தேயுங்கோ."

தேய்த்தேன். வெங்காயத்தை உள்ளேயே விட்டு மூடி, கரியைப் பற்றவைத்தேன்.

புகை நேரே மேல்மாடிக்குப் போனது. அங்கே இருக்கும் கியூபெக்காரர் இரண்டு வருடமாக எங்களிடம் 'பொன்ஜூர்' என்ற பிரெஞ்சு வணக்கம் தவிர வேறொன்றும் பேசியதில்லை. அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுது. புகையெண்டு முறைப்பாடு சொல்லத்தான் வாறார்" என்றாள் மனைவி.

வந்தவர் கையில் தட்டும் முள்கரண்டியும் இருந்தன.

"என்ன இறைச்சி?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

மூடியைத் திறந்தேன். கருகிய பாதி வெங்காயம் மட்டும் கிடந்தது. நெடுநேரம் பார்த்தார். பிறகு, இறைச்சி எப்போது வரும் என்று கேட்டார்.

"சனிக்கிழமை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அந்த வெங்காயத்துக்கு ஈடாக மணக்கக்கூடிய இறைச்சி எது? தெரிந்தவர்கள் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.