செடி படுத்திருந்த அறை

என் அப்பச்சிக்குப் புதுவயலில் அரிசி மில் இருந்தது, காரைக்குடியில் பெரிய வீடு இருந்தது, அறிவு மட்டும் எங்கும் இல்லை. பெற்ற தகப்பனை இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் அந்த நீலச்செடியைப் பார்த்ததில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு பங்குனியில் கொடைக்கானல் போனவர், யாரோ ஒரு வெள்ளைக்காரர் பங்களாவிலிருந்து அதைத் தொட்டியோடு வாங்கி வந்தார். சாண் உயரம், பந்து போல அடக்கமான புதர், மேலே நாலைந்து நீலப்பூ. அழகில்லை என்று சொல்ல மாட்டேன். குளிர்நாட்டுத் தோட்டத்துச் செடியாம். பனி கொட்டும்போது தரையோடு கருகி, குளிர் விட்டதும் அடிவேரிலிருந்து தளிர்க்குமாம்; ஒருமுறை வைத்தால் வருஷக்கணக்கில் பூக்குமாம். பனிக்கே சாகாத செடிக்கு நம்மூர் வெயில் எம்மாத்திரம் என்று சொல்லி, அப்பச்சி அதை நட்ட நடு முற்றத்தில் வைத்தார். ஊரில் நாலு பேர் இவரிடம் யோசனை கேட்க வேறு வருவார்கள்!

இரண்டொரு நாளில் அது தலையைத் தொங்கப்போட்டது. உடனே வீட்டிலேயே குளிர்ச்சியான அறை, முட்டை வெள்ளைக்கரு கலந்து சுவர் பூசிய அறை, செடிக்கு ஒதுக்கப்பட்டது. மேஜை விசிறியும் அங்கே போயிற்று. தினமும் மத்தியானம் மரத்தூளில் பொதிந்து ஐஸ் கட்டி வரும். அதை உடைத்துத் தொட்டியைச் சுற்றி அடுக்க வேண்டும்.

சித்திரையில் என் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அக்காவை நாங்கள் ஆச்சி என்போம். அந்த வருஷம் வெயில் ஆளைத் தின்றது. எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத, எங்களைப் பெற்ற ஆத்தா, அன்று அப்பச்சியிடம் கேட்டாள்.

"அந்த ரூமைப் புள்ளைக்குக் குடுங்க. வேக்காடு தாங்காமத் தவிக்கிறா."

அப்பச்சி வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். "புள்ளத்தாச்சி எங்குட்டு வேணும்னாலும் படுத்துக்குவா. செடி படுக்குமா?"

ஆச்சி காதில் விழுந்தது. தாழ்வாரத்தில் பாயை விரித்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் தூணைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். அப்பச்சி மில்லில் இருந்தார். ஆத்தா அப்போதுதான் வந்த ஐஸ் கட்டியை உடைத்து, துண்டில் சுற்றி அவள் நெற்றியிலும் கழுத்திலும் வைத்தாள். இருவருமாக ஆச்சியைத் தாங்கிப்போய் அந்த அறையில் கிடத்தினோம். தொட்டியை நான்தான் தூக்கிப்போய், மெனக்கெட்டு நல்ல வெயிலாகப் பார்த்து வைத்தேன். இன்றுவரை அதில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது.

அந்த வாரமே, அந்த அறையிலேயே, நல்லபடியாகப் பெண்குழந்தை பிறந்தது. தகவல் கேட்டு மில்லிலிருந்து வந்த அப்பச்சி, நேராக முற்றத்துக்குப் போய்க் குச்சியாக நின்ற செடியைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். சாகவில்லை, தூங்குகிறது, தளிர்த்துவிடும் என்றார். தை மாதம் வரை அந்தக் குச்சிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினோம். குப்பைமேனி முளைத்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆச்சி மறுபடி உண்டாகியிருந்தாள். கண்டரமாணிக்கத்திலிருந்த மாமியார் வீட்டிலிருந்து அவளை அழைத்துவர அப்பச்சியே கிளம்பினார். நானும் கூடப் போனேன். அதே அறையில் புதுக் கட்டில் போட்டு, சீலிங் ஃபேன் மாட்டியிருப்பதைச் சம்பந்திகள் முன்னால் நீட்டி முழக்கினார். ஆச்சி மோர் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"அப்ப செடி எங்குட்டுப் படுக்கும், அப்பச்சி?" என்று கேட்டாள்.

மோரைக் குடித்துவிட்டு நாங்கள் திரும்பினோம். காரின் பின்சீட்டில் அவளுக்காகப் போட்டிருந்த மெத்தை வீடு வரை மடிப்புக் கலையாமல் வந்தது.