ஏழாம் ஆலாவின் தையல்

தைத்து முடித்த ரவிக்கையை ஜன்னல் கம்பியில் மாட்டி, சுவரில் வலது காலை ஊன்றி, இரண்டு கையாலும் ஓர் இழுப்பு இழுக்கிறார் அம்சவேணி. கம்பி ஆடுகிறது. தையல் அசையவில்லை. "ம்... இனி போட்டுக்கலாமுங்க" என்று என்னிடம் நீட்டுகிறார். ரவிக்கையை யார் அப்படி இழுக்கப்போகிறார்கள் என்று கேட்டால், "ஏனுங்க, நீங்க பஸ்ல ஏறுறதே இல்லீங்களா?" என்பார். குன்னூர் பஸ் நிலையத்தைப் பார்த்தவர்கள் இதற்குப் பதில் சொல்ல மாட்டார்கள்.

மார்க்கெட்டுக்கு மேலே ஏறும் படிக்கட்டில், பாதி ஏறி மூச்சு வாங்கும் இடத்தில் இருக்கிறது கடை. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு ஜன்னல். அம்சவேணிக்கு ஐம்பத்திரண்டு வயது. மல்லிகைப்பூ இல்லாத நாள் உண்டு, பச்சை ஸ்வெட்டர் இல்லாத நாள் இல்லை. அதன் இடது தோளில் ஊசிகள் வரிசையாகக் குத்தியிருக்கும். நூலைப் பல்லால் கடிக்கவே மாட்டார். எச்சில் பட்ட நூல் சீக்கிரம் இற்றுப்போகுமாம். கறுப்புப் பிடி போட்ட குட்டிக் கத்தரி ஒன்று மெஷின் காலில் நாடா கட்டித் தொங்குகிறது. அதை யாரும் தொடக்கூடாது. கணவர் நஞ்சப்பன் ஒருமுறை அதில் நகம் வெட்டிவிட்டார்; இரண்டு நாள் அவருக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

ரவிக்கை அவருக்குப் பொழுதுபோக்குதான். தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள் தலையிலிருந்து முதுகில் தொங்கவிடும் பைதான் அவருடைய தொழில். முப்பது கிலோ பச்சை இலையைத் தாங்கி, மழையில் நனைந்து, சரிவில் இழுபட்டு வரும் அந்தப் பையில் அம்சவேணி போட்ட நைலான் தையல் விட்டது என்று இருபத்தாறு வருடத்தில் ஒருவரும் படியேறி வந்ததில்லை. கொழுந்து விலை படுத்த பிறகு படியேறி வருகிறவர்களே குறைந்துபோனார்கள். ஃபேக்டரிச் சங்கு வாரத்துக்கு மூன்று நாள்தான் ஊதுகிறது. அங்கே இலை நிறுக்கும் நஞ்சப்பன் மற்ற நாலு நாளும் இந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறார். புதுப் பை யாரும் கேட்பதில்லை. பழைய பைக்கு ஒட்டுப் போடச் சொல்கிறார்கள்.

அப்படி ஒரு சங்கு ஊதாத நாளில்தான் நிதா படியேறி வந்தாள். கீழே பஜாரில் நூலும் பொத்தானும் விற்கும் ரஹ்மத்துல்லாவின் மகள். கடல் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். வருடத்தில் பாதி நாள் மேற்குக் கடலில் ஒரு மணல் திட்டில் கிடப்பாள். அந்தத் திட்டில் முட்டையிடும் ஆலா என்ற கடற்பறவைகளின் முதுகில், தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கருவி மாட்ட வேண்டும். குஞ்சுக்கு மீன் தேடி அவை எங்கெங்கே போகின்றன என்று அது சொல்லும். அந்த இடங்களில் குஞ்சு வளரும் இரண்டு மாதமாவது பெரிய விசைப்படகுகள் வலை வீசாமல் இருக்கட்டும் என்று அரசாங்கத்திடம் கேட்க அந்த வரைபடம் வேண்டும். கருவியைக் கட்ட, இரண்டு தொடையிலும் நுழைகிற மாதிரி நாடாவில் வளையம் தைக்க வேண்டும். பன்னிரண்டு.

"சட்டையே போடாததுக்குச் சட்டை தைக்கப் போறாளுங்க எம்பொண்டாட்டி" என்றார் நஞ்சப்பன்.

"நீங்க போட்டுக் கிழிக்கறதுக்கு, அது எவ்வளவோ தேவலை."

நிதா ஒரு பருத்தி நூல்கண்டை எடுத்து வைத்தாள். "அக்கா, இந்த ஒரு முடிச்சு மட்டும் இந்த நூல்ல போடுங்க. உப்புலயும் வெயில்லயும் இத்து, சில மாசத்துல தானா அறுந்து விழணும்."

அம்சவேணியின் கை மெஷின் சக்கரத்திலேயே நின்றது. "அறுந்து விழறதுக்கு எதுக்கு அம்மிணி என்கிட்ட கொண்டாந்தே? கீழ எந்த டெய்லர்கிட்டக் குடுத்தாலும் அதுவா விழுந்துட்டுப் போகுது."

ஆனாலும் தைத்தார். பன்னிரண்டுக்கும் நம்பர் ஒட்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

ஆறு மாதம் கழித்து நிதா போனும் கையுமாக வந்தபோது நானும் அங்கே இருந்தேன். நீலத் திரையில் சின்னச் சின்னப் புள்ளிகள். திட்டிலிருந்து புறப்பட்டு, எழுபது எண்பது கிலோமீட்டர் போய், மறுபடி திட்டுக்கே திரும்பிய கோடுகள். "பாருங்க அக்கா, குஞ்சு இருக்கற வரைக்கும் எவ்வளவு தூரம் போனாலும் ராத்திரிக்குள்ள வந்துருது." அம்சவேணி அந்தக் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடலை அவர் பார்த்ததே கல்யாணமான புதிதில் திருச்செந்தூரில் ஒரே ஒருமுறைதான்.

"பதினொண்ணும் நீங்க தச்ச மாதிரியே கழண்டு விழுந்துருச்சு. ஏழாம் நம்பர் மட்டும் இன்னும் தகவல் அனுப்பிட்டே இருக்கு. நம்ம அதிர்ஷ்டம்!"

அம்சவேணி திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். உடம்புக்கு முடியவில்லையோ என்று நான் பயந்துபோனேன்.

அதற்குப் பிறகு நிதா கடையைத் தாண்டும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "ஏழு விழுந்துருச்சா அம்மிணி?" இல்லை என்றால், அன்றைக்குத் தையல் கோணலாகப் போகும். பாசத்தில் கேட்கிறார் என்றே எல்லோரும் நினைத்தோம். நஞ்சப்பன்தான், "ஊட்ல ரெண்டு வாய் சோறு இறங்க மாட்டேங்குதுங்க இவளுக்கு" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

ஒரு மத்தியானம், மலையெல்லாம் மஞ்சு மூடிய நேரத்தில், அவராகவே நிதாவைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"தப்புப் பண்ணிப்போட்டேன் அம்மிணி. ஏழாவத முடிச்சதும், பழக்க தோசம், கம்பில மாட்டி ஒரு இழுப்பு இழுத்தேன். படக்குனு கையோட வந்துருச்சு. என் தையல் என் கையிலயே அறுந்து நான் பார்த்ததில்ல. மனசு கேக்கல. பை தைக்கற நைலானப் போட்டு முடிச்சுப்போட்டேன். யாருக்குத் தெரியப் போகுதுன்னு இருந்துட்டேன்."

நிதா போனைத் திறந்து ஏழாம் புள்ளியைத் தேடிப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அக்கா? அது இனிமே தானா விழாது. சாகற வரைக்கும் தூக்கிட்டுத் திரியணும்."

"நீ போயி அறுத்துவிட முடியாதா?"

"கடல்ல எங்கன்னு போய்ப் பிடிக்கறது? அடுத்த பருவத்துக்கு அது அந்தத் திட்டுக்கே திரும்பி வந்தாத்தான்."

வருமா? இந்தக் கேள்வியோடு அந்தப் பெண்மணி நாலு மாதம் வாழ்ந்தார் ஐயா. ஆடு மாட்டுக்காக அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காத ஒரு பறவைக்காக, துணியை மடியில் போட்டுக்கொண்டு கண் கலங்கியவரை இந்தப் படிக்கட்டில்தான் பார்த்தேன். புள்ளி தெற்கே போனது. பத்து நாள் வராமலே இருந்தது. மறுபடி எங்கோ தெரிந்தது. தை பிறந்து ஒரு வாரம் கழித்து, நிதா இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள்.

"திட்டுக்கு வந்துருச்சுக்கா! நாளைக்குக் கிளம்பறேன்."

அம்சவேணி எழுந்தார். மெஷின் காலில் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தார். கறுப்புப் பிடிக் கத்தரியைத் துணியில் சுற்றி அவள் பையில் வைத்தார். நஞ்சப்பன் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார்.

"இடது தொடைப் பக்கந்தான் அந்த முடிச்சு. இறக்கைல பட்டுறாம, அடியில விட்டு ஒரே வெட்டு. ரெண்டாவது வெட்டு வேண்டியிருக்காது."

பதினாறாம் நாள் போன் வந்தது. கடைக்குள் சிக்னல் கிடைக்காது. நஞ்சப்பன் அதைப் படிக்கட்டில் நின்று எல்லோரும் கேட்கிற மாதிரி வைத்தார். காற்று இரைந்தது. "அறுத்துட்டேன் அக்கா! ஒரே வெட்டுதான். தொடையில கொஞ்சம் இறகு தேஞ்சு தோல் சிவந்திருக்கு. புது இறகு முளைச்சிரும்."

"முட்டை வெச்சிருக்குதா?"

"ஒண்ணு. விட்ட உடனே நேரா அது மேல போய் உக்காந்துருச்சு."

அம்சவேணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், யாருடையதோ பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்தார்.

போன வாரம் என் மகளின் பாவாடையை வாங்கப் போனேன். கத்தரி பழையபடி மெஷின் காலில் தொங்கியது. அடுத்த பருவத்துக்கும் பன்னிரண்டு வளையம் கேட்டிருக்கிறாள் நிதா. பன்னிரண்டும் நம்பரோடு கவருக்குள் இருந்தன. அம்சவேணி கையில் இன்னொன்று இருந்தது, நம்பர் இல்லாமல்.

"கணக்குல ஒண்ணு கூடுதுங்களே?" என்றேன்.

அதை ஜன்னல் கம்பியில் மாட்டினார். சுவரில் வலது காலை ஊன்றினார். இரண்டு கையாலும் இழுத்தார். படக்கென்று அறுந்தது. அறுந்த நூலின் நுனியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ம்... இனி போட்டுக்கலாமுங்க" என்று கவரை ஒட்டினார்.