வருஷம் முழுக்க விரதம்

சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்தில் தனசேகரனைப் போல ஒரு பக்திமான் கிடையாது என்று கொஞ்ச காலம் ஒரே பேச்சு. தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் விரதம் இருந்து காவடி எடுத்தார். காவடியை இறக்கிய கையோடு பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் என்றார். அப்புறம் வைகாசி விசாகம், ஆடியில் அம்மன், புரட்டாசியில் பெருமாள், ஐப்பசியில் தீமிதி. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டார். அந்த மாலையைக் கழற்றுவதற்குள் அடுத்த தைப்பூசம் வாசலில் வந்து நிற்கும். சைவம், வைணவம், சாக்தம் எதிலும் குறை வைக்கவில்லை மனிதர்.

உண்மை என்னவென்றால், விரதம் இருப்பவர் கட்டிலில் படுக்கக் கூடாது. கூடத்தில் பாயை விரித்துத் தனியாகத்தான் படுக்க வேண்டும். தனசேகரனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு விதிதான். மற்ற விதிகளெல்லாம் அதோடு சேர்ந்து வந்த கறிவேப்பிலை.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. பஸ் கேப்டன், அதாவது பஸ் ஓட்டுகிறார். உட்கார்ந்தே பார்க்கும் வேலை, இடைவேளையில் பரோட்டா, தே தாரே என்கிற இழுத்து ஆற்றிய இனிப்பு டீ. பத்து வருஷத்துக்கு முன்பு இலவச இணைப்பாகச் சர்க்கரை வியாதி வந்தது. மனைவி பாக்கியலட்சுமி தேக்கா சென்டர் மாடியில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறாள். வாய்த்துடுக்குக்காரி, அவள் சிரித்தால் கீழே மீன் விற்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

மகன் ஷங்கர் வேலை கிடைத்து மெல்பர்ன் போனான். மகள் ரோஷினி கல்யாணமாகிப் பொங்கோலுக்குப் போய்விட்டாள். இருபத்தைந்து வருஷம் பிள்ளைகள் முழித்துக்கொள்வார்களோ என்று மூச்சை அடக்கிக் குடித்தனம் நடத்திய தம்பதிக்கு, ஈசூனில் பதினோராவது மாடி வீடு முழுசாகக் கிடைத்தது. கிடைத்த நேரம் பார்த்துத் தனசேகரனின் உடம்பு ஒத்துழைக்க மறுத்துவிட்டது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பது சரியாகத்தான் போயிற்று.

முதல் தடவை களைப்பு என்றார். அடுத்த தடவை ஷிப்ட் மாறியதைச் சொன்னார். அதற்கடுத்த தடவை சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. அந்தச் சமயத்தில்தான் காவடிக் குழுவை நடத்தும் அழகர்சாமி, “இந்த வருஷம் எங்களோட வாங்கண்ணே” என்று கூப்பிட்டார். முருகனே கை கொடுத்தது போலிருந்தது தனசேகரனுக்கு. அன்றைக்குப் பாயோடு கூடத்துக்குப் போனவர்தான், திரும்பவில்லை.

நடுவில் வைத்தியம் பார்க்காமல் இல்லை. யாரோ சொன்ன லேகியத்தைத் தின்று பார்த்தார், பேதிதான் கண்டது. ஒரு சந்தில் பெயரில்லாத பாக்கெட்டில் விற்ற மாத்திரையை வாங்கி விழுங்கினார். நெஞ்சு படபடத்து, கண் இருட்டி, ஒரு பஸ் நிறுத்தத்தில் பயணியைப் போல உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் போய் வாயைத் திறந்து சொல்வதற்கு அலகு குத்திக்கொள்வது எவ்வளவோ மேல் என்று நினைத்தார், குத்தியும் கொண்டார்.

இத்தனையிலும் அவர் பாக்கியத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அவள் கண்ணாடி முன்னால் நிற்பதைக் குறைத்துக்கொண்டாள். தனக்கென்று தைத்த ரவிக்கைகளை ரோஷினிக்குத் திருத்திக் கொடுத்தாள். கடையில் அவள் சிரிப்புச் சத்தம் குறைந்ததை மீன்காரர் கவனித்தார், கட்டியவர் கவனிக்கவில்லை. தனக்கு வயதாகிவிட்டது, தன்மேல் அவருக்கு அலுத்துவிட்டது, அதை முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் சாமியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அழுகை முட்டும்போது தையல் மெஷினை வேகமாக மிதித்தாள்.

மூன்றாவது தைப்பூசத்துக்குப் பெயர் கொடுக்கப் போனார் தனசேகரன். அழகர்சாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

“அண்ணே, இந்த வருஷம் உங்களுக்குக் காவடி கிடையாது.”

“ஏன்யா? நான் என்ன குத்தம் பண்ணேன்?”

“குடும்பஸ்தன் விரதம் இருக்கணும்னா வீட்டுக்காரம்மா சம்மதிக்கணும்லா. அண்ணி நேத்து வந்துட்டாங்க. ‘அவர சன்னியாசியா ஆக்கிட்டீங்களே’ன்னு அழுறாங்கண்ணே. எனக்குச் சோறு இறங்கல.”

பாக்கியம் அழுதாளா? மாமனார் செத்தபோதே தெம்பாக நின்று எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தவள் அவள். பஸ்ஸிலும் ரயிலிலும் அந்த ஒரு வார்த்தைதான் காதில் ஓடியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்டுவிட்டாள். “இன்னிக்கு ஒளிக்காம சொல்லிடுங்க. வேற யாராச்சும் இருக்காங்களா? இல்ல, என்னைப் பாத்தாலே புடிக்கலையா?”

“ஐயோ பாக்கியம், அப்படியெல்லாம் இல்ல.”

“பின்ன ஏன் என்னை விட்டுட்டு ஓடுறீங்க? ரெண்டு வருஷமா ஒரே வீட்டுல விருந்தாளி மாதிரி இருக்கேன்.”

தன் மானத்தைக் காப்பாற்றப் போய் அவள் மனசைக் கொன்றுவிட்டோம் என்பது தனசேகரனுக்கு அப்போதுதான் உறைத்தது. பாயில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, தட்டுத் தடுமாறி, எல்லாவற்றையும் சொன்னார். என்ன நடக்கவில்லை, எத்தனை நாளாக, லேகியம், சந்து மாத்திரை, பஸ் நிறுத்தம் வரைக்கும்.

பாக்கியம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதானாவா!”

“இதை என்கிட்ட சொல்லாம முருகன்கிட்ட போயி முறையிட்டிருக்கீங்களே. அவரு ரெண்டு பொண்டாட்டிக்காரரு. அவருக்கு உங்க கஷ்டம் எங்கேருந்து புரியும்?”

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மெதுவாக, அப்புறம் அந்தப் பழைய சிரிப்பு. தனசேகரனும் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

“ரெண்டு வருஷமா இந்த வீட்டுல மீன் வாசம் உண்டா? உங்க விரதத்துக்கு என் நாக்கையுமா கட்டிப்போடணும்? நாளைக்கே டாக்டர பாக்குறோம். நானும் வர்றேன். உங்கள தனியா விட்டா வழியில எந்தக் கோயில் தென்படுதோ அங்க இறங்கிடுவீங்க.”

அரசாங்கப் பாலிகிளினிக்கில் வயசான ஆண் டாக்டராக இருக்கட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்ட அறைக்குள் இருந்தவர் டாக்டர் யும்னா. தமிழ்ப் பெண், முக்காடு, ரோஷினி வயசு. தனசேகரன் வாசலோடு திரும்பிவிடப் பார்த்தார். பாக்கியம் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“என்ன செய்யுது அங்கிள்?”

“கால்ல கொஞ்சம் வலி டாக்டர்.”

“கால் இல்ல டாக்டர்” என்றாள் பாக்கியம்.

யும்னாவுக்குப் புரிய ஒரு நொடி போதும். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், சளி இருமலைக் கேட்பது போலக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பாக்கியமே பதில் சொன்னாள். சந்து மாத்திரை என்றதும் மட்டும் டாக்டருக்குக் கோபம் வந்தது.

“அதுல என்ன கலந்திருக்காங்கன்னு யாருக்குமே தெரியாது அங்கிள். உயிரோட வந்து உக்காந்திருக்கீங்க, சந்தோஷம். சுகர் பல வருஷம் கண்ட்ரோல் இல்லாம இருந்தா ரத்தக்குழாய், நரம்பு ரெண்டும் கெட்டுப்போகும். அங்க இருக்கிற குழாய் ரொம்ப சின்னது, அதனால முதல்ல அங்க காட்டும். அடுத்து ஹார்ட்ல காட்டலாம். அதை முதல்ல செக் பண்ணணும். இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல.”

ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை எல்லாம் நடந்தது. இதயம் நன்றாக இருந்தது, சர்க்கரைதான் ஏறிக் கிடந்தது. மருந்தை மாற்றினார், தினமும் நடக்கச் சொன்னார், பரோட்டாவுக்குத் தடை போட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“முதல்ல மாத்திரை கொடுத்துப் பாப்போம். ஒரு மணி நேரம் முன்னாடி போடணும், வெறும் வயித்துல போட்டா நல்லது. மனசுல ஆசை இருந்தாத்தான் வேலை செய்யும், முழுங்கிட்டு டிவி பாத்தா ஒண்ணும் ஆகாது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை எடுக்குறவங்க இதைத் தொடவே கூடாது, உங்களுக்கு அது இல்ல. சரிவரலன்னா பம்ப் மாதிரி ஒரு கருவி இருக்கு, ஊசி இருக்கு, கடைசியா ஆபரேஷன் கூட இருக்கு.”

“ஊசின்னா... எங்க போடுவீங்க?”

“நீங்களே போட்டுக்கலாம். எங்க தேவையோ அங்கதான்.”

தனசேகரன் காலை இறுக்கிக்கொண்டார். “அதுக்கு நான் இன்னொரு தடவை தீ மிதிச்சிடுறேன் டாக்டர்.” அதுவரை முகம் மாறாமல் இருந்த யும்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மாத்திரை வந்தது. வந்த நாளைப் பாக்கியம் ஒரு பண்டிகையாக்கிவிட்டாள். ரெண்டு வருஷ விரதம் முடிகிறதே, சும்மா விடலாமா? மட்டன் பிரியாணி, வஞ்சிர மீன் வறுவல், முட்டை. விரதம் முடித்தால் விருந்து என்பதுதானே நம் வழக்கம்! தனசேகரன் மூக்கு முட்டச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு மாத்திரையைப் போட்டார். ஒரு மணி நேரம் கழித்து, வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

விழித்துப் பார்த்தபோது முகம் தொங்கிப்போயிற்று. பழைய பயம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. பழக்க தோஷத்தில் கண் பாயைத் தேடியது. பாயைக் காணோம். அதைப் பாக்கியம் முன்னமே குப்பையில் போட்டிருந்தாள்.

அடுத்த தடவை கிளினிக்குக்குப் போனபோது யும்னா தலையில் கை வைத்துக்கொண்டார். “பிரியாணிக்கு மேல போட்டீங்களா? கொழுப்புச் சாப்பாட்டுக்கு மேல போட்டா மாத்திரை ஏறாது அங்கிள். அதோட, ஒரே தடவையில தோத்துட்டோம்னு நினைக்காதீங்க. அஞ்சாறு தடவை பாக்கணும். ஆன்ட்டி, நீங்க விருந்தை மறுநாளைக்கு மாத்துங்க.”

“மாத்திட்டா போச்சு” என்றாள் பாக்கியம், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை தனசேகரனுக்கு விடுப்பு. காலையில் இருவரும் பூங்காவைச் சுற்றி நடந்தார்கள். மத்தியானத்துக்கு அவர் சாப்பிட்டது ஒரு பப்பாளித் துண்டு. மாத்திரை போட்டதையே மறந்து, எதிர்வீட்டுக்காரர் கிளிக்கு மலாய் கற்றுக்கொடுக்கும் லட்சணத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு நடுவில் நின்றது. அவர் அவள் கையைப் பிடித்தார். உடம்பு, கோபித்துக்கொண்டு போன மச்சான் திரும்பி வந்தது போல, சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேர்ந்திருந்தது.

பாக்கியம் எழுந்து ஜன்னல் திரையை இழுக்கப் போனாள். வெளியே நல்ல வெயில்.

“அது இருக்கட்டும் பாக்கியம், இழுக்காத.”

“பட்டப்பகல்லயா? உங்களுக்கு என்ன பைத்தியமா?”

“பதினோராவது மாடி, யாரு பாக்கப் போறா? நான் பாக்கணும். உன்னைப் பாத்து ரெண்டு வருஷமாச்சு.”

அவள் கை திரையிலேயே நின்றது. ஊருக்கெல்லாம் அளவெடுத்து, தன்னை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தவளுக்கு, ஐம்பது வயதில் முகமெல்லாம் சிவந்துபோயிற்று. திரையை விட்டாள்.

“நல்லாப் பாத்துக்குங்க” என்றாள்.