மேட்டு எழுத்து

திறந்த பானெட்டுக்குள் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் இசக்கிச்செல்வி. எதையும் தொடுவதில்லை. என்ஜினிலிருந்து ஏறும் சூட்டை அளக்கிறாள். "இன்னும் பத்து நிமிஷம் ஆவும். டீ குடிக்கதா இருந்தா குடிச்சிட்டு வாங்க." வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைக் காட்டினாலும் பத்து நிமிடம் பத்து நிமிடம்தான். சூட்டில் டேப்பின் பசை இளகினால் எண் இழுபட்டுவிடும்.

தென்காசியில் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில் நிற்பாள். பெயர் மாற்றத்துக்கு வரும் வண்டிகளின் என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பென்சிலால் தேய்த்து, மேலே டேப்பை ஒட்டி உரித்து, படிவத்தில் பதித்துக் கொடுப்பது வேலை. 'பிரிண்ட்' என்கிறார்கள். துணிப்பையில் பென்சில்கள், டேப், மண்ணெண்ணெய் நனைத்த துணி, தேய்ந்த டூத் பிரஷ், பல் டாக்டர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய நீளக்காம்புக் கண்ணாடி. சாரல் விழுந்தால் குடையை என்ஜினுக்குப் பிடிப்பாள். "நான் நனஞ்சா காஞ்சிருவேன். நம்பர் நனஞ்சா டேப் ஒட்டாதுல்லா."

நாற்பத்துநான்கு வயது. அதில் இருபது வருடம் கீழப்பாவூரில் பீடி சுற்றினாள். அதைப் பற்றிக் கேட்டால், "இருமல் நின்னுட்டு" என்பாள். இலை நரம்பைப் பார்க்காமலே தடவிச் சொன்ன விரல்கள் இப்போது இரும்பைத் தடவுகின்றன.

மனிதர்களின் பெயர் அவளுக்கு நிற்பதில்லை. இலஞ்சியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீங்க ஏழு ஏழு மூணுல்லா?" என்றாள். அது அவருடைய காரின் கடைசி மூன்று எண்கள். அவர் பாயசத்தை நிறுத்திவிட்டு ஆமாம் என்றார்.

மாற்றியமைத்த வேகக்கார்கள் வந்தால் கூட்டம் கூடும். வாங்க வந்தவர்கள் என்ஜின் எண் என்று கைபேசியில் எடுத்த படத்தை அவளிடம் காட்டுவார்கள். பெரும்பாலும் அது கியர்பாக்ஸில் உள்ள எண்ணாக இருக்கும். அல்லது என்ஜின் மூடியில் சிவப்புப் பெயின்டில் எழுதிய ஏதாவது. "மூடிய எவன் வேணும்னாலும் மாத்துவான். பிளாக்குதான் ஆளு" என்பாள். பிளாக் என்பது என்ஜினின் வார்ப்பு உடல்; அதில் இரண்டு விதமான எழுத்து உண்டு. எண் பள்ளமாகக் குத்தப்பட்டது. எத்தனை சிசி ரகம் என்று சொல்லும் எழுத்து, பிளாக்கை வார்க்கும்போதே மேடாக வந்தது. "பள்ளம் பொறவு குத்துனது. மேடு பொறக்கும்போதே உள்ளது." படிவம் கேட்பது பள்ளத்தை மட்டும். கை உள்ளே போனால் அவள் விரல் மேட்டையும் தொட்டுவிட்டுத்தான் வெளியே வரும்.

சென்ற ஆடியில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. பழைய செடான். தரையோடு தாழ்த்தி, அகல டயர் போட்டு, தடித்த சைலன்சர் வைத்தது. விற்பவர் வரவில்லை, கையெழுத்துப் போட்ட படிவங்களை ஏஜென்ட் பிச்சைமணியிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். வாங்குபவள் அபர்ணா. இலஞ்சியில் பிசியோதெரபி நிலையம் நடத்துகிறவள். கல்லூரி நாளிலிருந்தே இப்படி ஒரு கார் வேண்டும் என்று இருந்தவள்.

"பொம்பளப் பிள்ளைக்கு ஒரு ஸ்கூட்டி பத்தாதாம்மா?" என்றார் பிச்சைமணி.

"முட்டு வலின்னு எங்கிட்ட வந்தப்ப பொம்பளப் பிள்ளைன்னு தெரியலியா அண்ணாச்சி?"

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிச்சைமணியும் சிரித்து, படிவத்தையும் பேனாவையும் அவளிடம் நீட்டினார். "செல்வி பிரிண்ட் எடுத்ததும் ஒரு கையெழுத்து. அம்புட்டுதான். சாயந்திரம் குத்தாலத்துக்கு ஓட்டிட்டுப் போங்க."

இசக்கிச்செல்வி எண்ணைத் துடைத்தாள், தேய்த்தாள், டேப்பை உரித்தாள். டேப்பில் எழுந்த எண் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணேதான். ஒன்றுகூடப் பிசகவில்லை. பிறகு கூடுதலாகப் பூட்டியிருந்த குழாய்களுக்கு அடியில் அவள் கை போனது. அங்கேயே நின்றது. வெளியே எடுத்து, கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். மறுபடி கையை விட்டாள்.

"உள்ள என்ன, கம்மலயா தொலைச்ச?" என்றார் பிச்சைமணி.

அவள் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி இன்னொரு முறை பார்த்தாள். ஆயிரத்து முன்னூறு சிசி. அந்தக் கம்பெனி பிளாக்கில் பதிமூன்று என்று மேடாக இருக்கவேண்டும்.

"அண்ணாச்சி, இது வேற பிளாக்கு."

"நம்பர் சரியா இருக்கா இல்லியா?"

"நம்பர் சரியாத்தான் இருக்கு."

"பொறவு? உன் வேல நம்பர் எடுக்கது. எடுத்துட்டல்லா? ஒட்டு."

ஒரு நாளைக்குப் பத்து வண்டி வந்தால் ஆறு பிச்சைமணி கொண்டுவருவது. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அபர்ணா பேனாவின் மூடியைத் திறந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னக்கா, என்ன விஷயம்?"

இசக்கிச்செல்வி அபர்ணாவின் வலது கையைப் பிடித்து, வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு, குழாய்களுக்கு நடுவே மெல்ல இறக்கினாள். "அங்கனதான். சூடு இல்ல, பயப்படாதீங்க. விரல அழுத்தாம ஓட்டுங்க."

அபர்ணா கண்ணை மூடிக்கொண்டாள். தசைக்குள் முடிச்சு தேடுகிற விரல்கள்தான் அவளுக்கும். "ஒண்ணு" என்றாள். சற்றுப் பொறுத்து, "மூணு இல்லக்கா. வளைஞ்சு, கீழ ஒரு வட்டம். ஆறு."

"அது பெரிய என்ஜினு. இந்த வண்டிக்கு உள்ளது இல்ல. அதுல இருந்த நம்பரத் தேச்சு அழிச்சிட்டு, உங்க புக்குல உள்ள நம்பரக் குத்தியிருக்கு. யாரு வண்டில இருந்து வந்ததோ. அவன் எங்கயாவது களவு போச்சுன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்திருந்தா, நீங்க கையெழுத்துப் போட்ட நிமிஷத்துல இருந்து அது உங்க தலையில."

அபர்ணா கையை வெளியே எடுத்தாள். விரல் நுனிகள் கறுத்திருந்தன. காரை ஒருமுறை முன்னிருந்து பின்வரை பார்த்தாள். பேனாவை மூடி, படிவத்தின் மேல் வைத்து, இரண்டையும் பிச்சைமணியிடம் கொடுத்தாள்.

சாரல் பிடித்துக்கொண்டது. டீக்கடைக்காரர் பாட்டைக் குறைத்தார்.

"நாளைலேர்ந்து நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்றார் பிச்சைமணி. "எம் ஃபைலு மூணு உங்கிட்ட கெடக்குல்லா. எடு."

இசக்கிச்செல்வி கையை மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்தாள். பிறகு சேலையில் துடைத்தாள். பையிலிருந்து மூன்று கோப்புகளையும் எடுத்து, மேல் அட்டையில் விழுந்திருந்த துளிகளை முந்தானையால் ஒற்றி, அவரிடம் நீட்டினாள்.