போல்ட் ஏறும் முன் வந்த சிக்னல்

வேலைத்தளத்தில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பேர். டவர் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் காலையில் ஏறி உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். கீழே எவனாவது தப்பான இடத்தில் நின்றால் ரேடியோவில் கிழிகிழியென்று கிழிப்பாள். கிழிக்கட்டுமே! யார் தலைக்கு மேல் கம்பிக்கட்டு தொங்குகிறது என்று அவளுக்கல்லவா தெரியும்?

அவள் முழுசாக நம்பியது ஒரே ஒருவரை, தன் வீட்டுக்காரரை. கீழே சிக்னல்காரர் அவர்தான். "தூக்கு" என்றால் தூக்குவாள், "திருப்பு" என்றால் திருப்புவாள். சுவருக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத இடத்தில்கூட அவர் குரலை வைத்தே சுமையை இறக்கிவிடுவாள்.

கட்டிடம் வளர வளர கிரேனும் வளர வேண்டும். அந்த நாளில் மட்டும் விதி வேறு. கோபுரத்தைச் சுற்றி ஓர் இரும்புக்கூட்டை மாட்டி, ஜாக்கி வைத்து, அவளோடு சேர்த்து மேல்பாகம் முழுவதையும் தூக்குவார்கள். நடுவில் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி திறக்கும். அதில் புதுப் பாகத்தைச் செருகி போல்ட் முடுக்கும் வரை மேல்பாகம் வெறும் தராசுதான். பூம் என்கிற நீண்ட கையைக் கொஞ்சம் திருப்பினாலும் மொத்தமும் சரிந்துவிடும். போல்ட் வேலையைக் கவனிக்கும் மேஸ்திரி சொல்லாமல், வீட்டுக்காரரே சொன்னாலும், எதையும் தொடக் கூடாது. அதற்காகவே அவள் திருப்புகிற லீவரில் கைக்குட்டையைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுவிடுவாள். "ஏன், லீவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேலி செய்வார்கள்.

அன்று அந்த இடைவெளியில் நின்று வேலை பார்த்தது அவளுடைய தம்பி. கீழே கான்கிரீட் லாரி வந்து நின்றது. இறுகிவிடும் என்று எஞ்சினியர், அவள் வீட்டுக்காரரின் பிடரியில் உட்கார்ந்தார். ரேடியோவில் வீட்டுக்காரரின் குரல் வந்தது: "போல்ட் போட்டாச்சு. பக்கெட் எடுக்கணும், திருப்பு."

அவள் கை லீவருக்குப் போயேவிட்டது. விரலில் முடிச்சு தட்டுப்பட்ட பிறகுதான் சுரீரென்றது, மேஸ்திரி இன்னும் எதுவும் சொல்லவில்லை.

"மேஸ்திரி, முடிஞ்சுதா?"

மேஸ்திரியின் ரேடியோவை வாங்கிப் பதில் சொன்னவன் தம்பி. "அக்கா, எதையும் தொட்டுராத! ஒரு போல்ட்கூட ஏறல. நான் உள்ளதான் நிக்கிறேன்!"

வேலை முடிந்ததும் இறங்கினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சார் நெருக்கினாரு," என்றார் வீட்டுக்காரர். "முடிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

"நினைச்சியா?" கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்றே கூப்பிட்டவள் எல்லார் முன்னாலும் கத்தினாள். "நீ நினைக்கிறதுக்கா அங்க என் தம்பி நிக்கிறான்?"

எஞ்சினியர் இடையில் புகுந்தார். "அதான் ஒண்ணும் ஆகலையேம்மா."

வாயைப் பாரேன்! அவள் அவர் பக்கம் திரும்பினாள். "உங்க கான்கிரீட் இறுகினா உடைச்சு எடுத்துக்கலாம். அவன் நசுங்கியிருந்தா எதை உடைச்சு எடுத்திருப்பீங்க?"

அவள் வீட்டுக்காரரின் கையிலிருந்து ரேடியோவைப் பிடுங்கி மேஸ்திரியிடம் நீட்டினாள். "நாளைக்குக் கீழ வேற ஆளு வைங்க. இல்லன்னா மேல வேற ஆளு வைங்க."

சாயங்காலம் தம்பி வீட்டுக்குச் சமாதானம் பேச வந்தான். வீட்டுக்காரர் அடுக்களையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

"விடுக்கா. மாமா வேணும்னேவா பண்ணாரு? நாளைக்கு அவரையே கீழ நிக்கச் சொல்லு."

"வேணும்னு பண்ணலடா. அது எனக்குத் தெரியாதா? ஆனா அவரு சொன்னா நான் திருப்பிடுவேன்டா. நீ உள்ள நின்னாலும் திருப்பிடுவேன்."