பவதாரணி கூப்பிட்ட வீடு

சுஜிதனைப் போல வாய் திறக்காத மனிதனைப் புங்குடுதீவு முழுக்கத் தேடினாலும் காண முடியாது. அவனுடைய ஒழுங்கையில் அவன் வீட்டைத் தவிர மற்ற வீடுகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். பூட்டுகளின் திறப்புகள் சுஜிதனின் இடுப்பில். அந்த வீடுகளின் வளவு கூட்டுவதும் தென்னைக்குத் தண்ணீர் விடுவதும்தான் வேலை. இதில் அவன் யாரோடு கதைப்பான்? தென்னையோடா?

மனைவி பிரியதர்சினி இருந்த காலத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே கதைத்தாள். காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தபோது மகள் பவதாரணிக்கு ஒரு வயது. இப்போது மூன்றாகப் போகிறது, பிள்ளை ஒரு சொல் பேசவில்லை. காதில் குறையில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பிள்ளை கையைக் காட்டும், இவன் எடுத்துக் கொடுப்பான். சத்தமில்லாமல் குடும்பம் நடந்தது.

கோண்டாவிலில் இருக்கும் மனைவியின் தமக்கை பரிமளத்துக்கு இது பொறுக்கவில்லை. போனில் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீரும் வந்து எங்களோடை இரும் தம்பி. இஞ்சை நாலு பிள்ளையள் ஓடித் திரியுதுகள்."

"மச்சாள் வீட்டிலை ஒட்டிக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது."

"அப்ப நல்லூர்த் திருவிழா முடிய வருவன். அதுக்குள்ளை பிள்ளை கதைக்காட்டி, அவளைக் கூட்டிக்கொண்டுதான் போவன்."

இந்த மனிதன் போனை வைத்துவிட்டு வளவு கூட்டப் போனான். வேறென்ன தெரியும் அவனுக்கு!

ஆனால் பயம் பிடித்துவிட்டது. பிள்ளையும் போய்விட்டால் அந்த ஒழுங்கையில் அவனுக்கு என்ன இருக்கிறது? கிளினிக் சுவரில், சின்னப் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்குப் போனில் இலவச ஆலோசனை என்று ஒட்டியிருந்த இலக்கத்துக்கு எடுத்தான். பேச்சுப் பயிற்சி படித்த தாரிகா என்ற பெண் கதைத்தாள்.

"பிள்ளையோடை ஒரு நாளைக்கு என்னென்ன கதைப்பியள் அண்ணை?"

சுஜிதன் யோசித்தான். "சாப்பிடு எண்டு சொல்லுவன்."

"பிறகு?"

"படு எண்டு சொல்லுவன்."

நல்ல பெண் அவள், சிரிக்கவில்லை. "செய்யிற வேலையை எல்லாம் வாயாலை சொல்லுங்கோ அண்ணை. பிள்ளை என்ன சத்தம் போட்டாலும் உடனை மறுமொழி குடுங்கோ. மறுமொழி வராத இடத்திலை பிள்ளை ஏன் கதைக்கப்போகுது?"

தொடங்கினான். வெட்கம் பிடுங்கித் தின்றது. "இப்ப பூட்டுத் திறக்கிறன். இப்ப குப்பை கூட்டுறன்." சைக்கிளில் போன மீன்காரன் நின்று, "ஆரோடையடாப்பா கதைக்கிறாய்?" என்று கேட்டு, மறுமொழிக்கு நில்லாமல் மிதித்துப் போனான். பிள்ளையோ அவன் வாயையே பார்த்தது, தன் வாயைத் திறக்கவில்லை.

இடையிடையே தாரிகாவுக்கு எடுப்பான். "தொண்டை நோகுது மிஸ்." "விடாதேங்கோ அண்ணை. சாப்பிட்டியளோ?" என்பாள். அவனைச் சாப்பிட்டாயா என்று கேட்க வேறு யார் இருந்தார்கள், பாவம்! சொல்ல விசயமில்லாத நாளிலும் எடுக்கத் தொடங்கினான்.

திருவிழா முடிந்தது. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று பரிமளம் சொல்லிவிட்டாள். அந்தப் புதன்கிழமை காலை, கனடாக்காரரின் வீட்டுக் கேற்றடியில் நின்ற சுஜிதனுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கூப்பிடும் ஊர் வழக்கப்படி, விளையாட்டாகக் குரல் கொடுத்தான். "வீட்டுக்காரர்! வீட்டுக்காரர்!"

பூட்டைத் தொடப் போனவனின் இடுப்புச் சாரத்தைப் பிள்ளை பிடித்து இழுத்தது. யாரோ வரப்போகிறார்கள் என்று கேற்றையே பார்த்தது. ஒருவரும் வரவில்லை. பிள்ளை வாயைத் திறந்தது.

"வீட்டுக்கார்!"

ஐயோ, மறுமொழி கொடுக்க வேண்டுமே! வீட்டில் ஆளில்லையே! சுஜிதன் திறப்புக் கோர்வையைப் போட்டுவிட்டு மதிலால் ஏறிக் குதித்தான். முழங்கால் உரிந்தது. கேற்றுக்குப் பின்னால் நின்று கத்தினான்.

"ஓம், ஆரது?"

"நான்."

அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதான், விம்மி விம்மி. பிறகுதான் பூட்டும் திறப்பும் வெளியே என்று நினைவு வந்தது. திரும்ப மதிலேறி வருவதற்குள் பிள்ளை அடுத்த கேற்றில் நின்று கூப்பிட்டது. அங்கேயும் ஏறிக் குதித்து மறுமொழி சொன்னான். அதற்கடுத்த வீட்டு மதிலில் ஏறி, மூச்சு வாங்கிக் குந்திவிட்டான். பிள்ளை அவனைப் பார்க்கவில்லை. ஒரு முகம் தெரியும் என்று கேற்றுக் கம்பிகளுக்குள் தேடிக்கொண்டு நின்றது.

மதிலில் இருந்தபடியே தாரிகாவுக்கு எடுத்தான். பிள்ளை கதைத்த செய்தியைக் கேட்டு அவள் சந்தோசத்தில் கத்திவிட்டாள்.

"ஆக்களைக் கூப்பிடுறாள் மிஸ். இஞ்சை ஆக்கள் இல்லை."

"நீங்கள் இருக்கிறியள்தானே அண்ணை."

"நான் ஒருத்தன் எத்தினை மதில் ஏறுறது?"

அவளுக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டு, பரிமளத்துக்கு எடுத்தான்.

"மச்சாள், பிள்ளை கதைக்கிறாள்."

"அட முருகா! அப்ப நான் வரத் தேவையில்லை. பிள்ளையை நீரே வைச்சிரும் தம்பி."

"இல்லை மச்சாள், வாங்கோ," என்றான். "நாங்கள் ரெண்டு பேரும் உங்களோடை வாறம். எனக்குப் படுக்க ஒரு மூலை தந்தாக் காணும்."